ஓட்டே கேட்காமல் ஒரு முதலமைச்சர்

கோபாலபுரவாசிகளுக்குத் தேர்தல் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. பக்கத்துத் தெருவில் முதலமைச்சர் குடியிருந்தால் வருகிற திமிர் அது. பால் பாக்கெட் வாங்கப் போனவன்கூட கூட்டணி எத்தனை சீட்டு என்று தெரிந்துகொண்டு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. கருணாநிதி 1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரைக்கும் சட்டசபைக்கு 13 முறை நின்றார், 13 முறையும் ஜெயித்தார். 1991-ல் ஊரே எதிர்ப்பக்கம் சாய்ந்தபோது துறைமுகத்தில் வெறும் 890 ஓட்டில் கரையேறினார். ஆனாலும் கரையேறினார். ஆகவே எங்கள் பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அரசியல் என்றால் நிற்பது, ஜெயிப்பது, அப்புறம் வாசலில் பட்டாசு. நிற்காமலே ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஆளை மேலும் கீழும் பார்ப்போம்.

நின்று நின்றே கால் தேய்ந்த ஒருவரை முதலில் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மார்க்கஸ் மார்ட்டன் என்று ஒரு மனிதர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் கவர்னராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே கவர்னர் என்றால் நம்மூர் மாதிரி டெல்லியிலிருந்து பார்சலில் வருகிற ஆசாமி இல்லை; ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். அதுவும் அப்போது வருடா வருடம் தேர்தல். மார்ட்டன் 1828 முதல் 1843 வரை பதினாறு முறை நின்றார். இரண்டே முறை கவர்னரானார். பாக்கிப் பதினாலு முறையும் அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வரலாற்றில் இல்லை, ஊகிக்கலாம்.

அந்த இரண்டில் முதல் வெற்றி 1839-ல். மொத்தம் பதிவானது 1,02,066 ஓட்டு. பாதிக்கு மேல் வாங்கினால்தான் பதவி. பாதி 51,033. மார்ட்டன் வாங்கியது 51,034. ஒரே ஒரு ஓட்டு. தோற்றவர் எட்வர்ட் எவரெட், பெரிய படிப்பாளி, பேச்சாளர். ‘மறுபடி எண்ணு’ என்று கோர்ட்டுக்கு ஓடாமல் கௌரவமாக ஒதுங்கிக்கொண்டார். பிற்பாடு 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியவர் இவர்தான். அவருக்கு அடுத்து எழுந்து இரண்டு நிமிஷம் பேசின லிங்கனைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. சில பேர் ஜாதகம் அப்படி.

எவரெட் தோற்றதற்கு ஒரு முக்கியக் காரணம் சாராயம். அவர் கவர்னராக இருந்தபோது 1838-ல் ஒரு சட்டம் வந்தது: பதினைந்து காலனுக்குக் குறைவாகச் சாராயம் விற்கக் கூடாது. பதினைந்து காலன் என்றால் கிட்டத்தட்ட ஐம்பத்தேழு லிட்டர். பணக்காரன் பீப்பாயோடு வாங்கி நிலவறையில் வைத்துக்கொள்வான். கூலிக்காரன் ஒரு கிளாஸுக்கு எங்கே போவான்? ஜனங்கள் சும்மா இருப்பார்களா? டெடம் என்ற ஊரில் ஒருவர் பன்றிக்குப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்துக் கூடாரத்தில் நிறுத்தினார். அதிசயப் பன்றியைப் பார்க்கக் கட்டணம். பார்த்தவர்களுக்கு ஒரு கிளாஸ் இலவசம். விற்றால்தானே குற்றம்? அடுத்த வருஷத் தேர்தலில் பன்றி ஜெயித்தது, எவரெட் தோற்றார் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

மதுவில் கை வைத்து வரலாறு படைத்தவர்கள் நம் பக்கமும் உண்டு. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்தவுடன் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தவர் ராஜாஜி. கள்ளு வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார். மதுக்கடைகள் திரும்பி வந்துவிட்டன. வரி போகவே இல்லை. அந்த 1937 தேர்தலில் அவர் நின்ற தொகுதி எது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகம். பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடுகிற தொகுதி. வெயிலில் குடிசை குடிசையாக ஏறி இறங்கி ‘அம்மா, ஐயா’ என்று கும்பிடுகிற வேலை அங்கே இல்லை. அதுவாவது தேர்தல். 1952-ல் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் இன்றுவரை சண்டை.

1952 ஜனவரி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். இருபத்தோரு வயதான எல்லாருக்கும் ஓட்டு. அப்போதைய சென்னை ராஜ்யம் லேசுப்பட்டதில்லை. வடக்கே ஸ்ரீகாகுளம், தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபாரும் தென் கன்னடமும். நாலு பாஷை, 309 தொகுதி, 375 உறுப்பினர். கணக்கு இடிக்கிறதே என்று விரலை மடக்க வேண்டாம். 66 தொகுதிகளுக்குத் தலா இரண்டு உறுப்பினர்.

ஓட்டுப் போட்ட முறையும் இன்றைய மாதிரி இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. திரை மறைவில் இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெட்டி மேல் சின்னம். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள், பிரஜா கட்சிக்குக் குடிசை. நாசிக்கில் அச்சடித்து வந்த ஒரு ரூபாய் நோட்டு அளவுச் சீட்டு. முத்திரை குத்த வேண்டாம், பெயர் படிக்க வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியது. சாமி உண்டியல் ஞாபகம் வந்துவிட்டது போலும். நாடு முழுக்கச் சில பெட்டிகளைத் திறந்தபோது சீட்டோடு சில்லறையும் மனுக்களும் விழுந்தன. முதல் தேர்தலிலேயே ஜனங்களுக்கு ஜனநாயகத்தின் அடிப்படை புரிந்துவிட்டது.

காங்கிரஸுக்கு ஒரு கவலையும் இல்லை. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கட்சி, காந்தி கட்சி, காளை மாட்டுக்கு ஓட்டுப் போடாமல் எங்கே போவான்? ஆனால் ஜனங்கள் அன்று நின்றுகொண்டிருந்தது ரேஷன் கடை க்யூவில். அரிசிக்குக் கண்ட்ரோல், துணிக்குக் கண்ட்ரோல். பெட்டிகளைத் திறந்தபோது காங்கிரஸ் 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188. கம்யூனிஸ்டுகள் 62. முந்தின வருஷம் வரை போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆசாமிகள், பாதிப் பேர் ஜெயிலிலிருந்தும் தலைமறைவிலிருந்தும் வந்தவர்கள், அறுபத்திரண்டு! மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே ஜெயித்தார். பிரசாரத்துக்கே போகாமல் ஜெயிப்பதில் ஒரு சௌகரியம், தொண்டை கட்டாது.

தோற்றவர்கள் பட்டியல் இன்னும் சுவாரஸ்யம். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவுட். அமைச்சர் பக்தவத்சலம் அவுட். அனந்தபூரில் ஆந்திர காங்கிரஸின் பெரிய புள்ளி நீலம் சஞ்சீவ ரெட்டி கம்யூனிஸ்ட் தரிமெல நாகி ரெட்டியிடம் தோற்றார். நாகி ரெட்டி யார்? சஞ்சீவ ரெட்டி சம்சாரத்தின் அண்ணன் தம்பி வகை, சொந்த மைத்துனர். பிற்காலத்தில் இந்திய ஜனாதிபதியாகவே ஆனவருக்கு மச்சானை ஜெயிக்க முடியவில்லை. அந்த வருஷம் பொங்கல் சீர் எப்படிப் போயிற்றோ.

இப்போது 375 பேரையும் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டாரையும் தெரியாத கூட்டம் மாதிரி இருந்தது. காங்கிரஸ், கம்யூனிஸ்ட் போக ஆசார்ய கிருபளானி ஆரம்பித்த கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19, ஆந்திரப் பக்கத்துக் கிருஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்டுகள் 13, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6, முஸ்லிம் லீக் 5. சுயேச்சைகள் மட்டும் 62. நீதிக்கட்சிக்கு ஒன்றே ஒன்று, பி.டி. ராஜன். அறுபத்திரண்டு சுயேச்சைகள் என்ற எண்ணை இன்றைய அரசியல்வாதி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கண்ணில் நீர் வரும். எம்.எல்.ஏ.க்களை அடைத்துவைக்கக் கூவத்தூர் மாதிரி ஒரு ரிசார்ட்கூட இல்லாத அநாகரிகக் காலம் அது.

ஆந்திர கேசரி என்று பெயர் வாங்கிய டி. பிரகாசம் எதிர்க்கட்சிகளை ஒன்று சேர்த்தார். 1946-ல் ஏற்கெனவே இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சிக்காரர்களும் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று பெயர் வைத்துக்கொண்டு, எங்களிடம் 166 பேர் என்று போய் நின்றார்கள். 152-ஐ விட 166 பெரிது என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். 188-ஐ விடச் சிறிது என்பதும் தெரியும். அந்த இடைவெளியில்தான் கதையே நடக்கிறது.

காங்கிரஸுக்கு வியர்த்தது. கம்யூனிஸ்ட் ஆதரவில் சென்னையில் ஒரு மந்திரிசபையா? டெல்லியில் நேருவுக்கு ஒரு பக்கம் அதுவும் பிடிக்கவில்லை; பதவியை விடாமல் பிடித்துத் தொங்குகிறார்கள் என்ற பேரும் பிடிக்கவில்லை. இங்கே கட்சியைக் கையில் வைத்திருந்தவர் காமராஜர். ஆளைப் பார்த்தால் கணக்குப் போடுகிறவர். ஆனால் 152-ஐ 188 ஆக்குகிற வித்தைக்கு வேறொரு மூளை வேண்டியிருந்தது. அந்த மூளை தி.நகர் பசுல்லா சாலையில் ஓய்வில் இருந்தது. கோபாலபுரத்திலிருந்து அதிக தூரமில்லை. இப்போது என்றால் ஜெமினி மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அப்போது மேம்பாலம் ஏது, ஜெமினி ஸ்டுடியோதான்.

ராஜாஜிக்கு வயது 73. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தாயிற்று, மத்திய உள்துறை மந்திரியாக இருந்தாயிற்று, 1951 கடைசியில் அதையும் உதறிவிட்டு வந்தாயிற்று. தேசத்தின் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவரைக் கூப்பிட்டு ராஜ்யத்தின் நாற்காலியில் உட்காருங்கள் என்பது, ரிடையர்டு கலெக்டரைத் தாசில்தார் வேலைக்குக் கூப்பிடுகிற கதைதான். காமராஜருக்கும் அவருக்கும் பல வருஷத்து ஆகாமை வேறு. ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை. கட்சிக்காரர்கள் போய்க் கேட்டார்கள், கெஞ்சினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ஆரம்பித்த பெரியவர் சரி என்றார்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். அவர் சட்டசபை உறுப்பினர் இல்லை. தேர்தலில் நிற்கவே இல்லை. இனி இடைத்தேர்தலில் நிற்கவும் மாட்டேன் என்றார். நேரு நிற்கச் சொல்லிப் பார்த்தார், பெரியவர் அசையவில்லை.

அங்கேதான் கவர்னர் ஸ்ரீபிரகாசா வருகிறார். காசிக்காரர். மார்ச் மாதம்தான் சென்னைக்கு வந்திறங்கினார்; பெட்டியைப் பிரித்துச் சட்டையை மாட்டினாரோ இல்லையோ, இந்தத் தலைவலி. சட்டசபைக்கு மேலே மேலவை என்று ஒன்று இருந்தது. அதில் கவர்னர் சில பேரை நியமிக்கலாம். யாரை? இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களை என்கிறது அரசியல் சட்டம். ராஜாஜி இலக்கியவாதி இல்லையா? ‘கல்கி’யில் ‘வியாசர் விருந்து’ எழுதி மகாபாரதத்தையே வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவராயிற்றே! ஆக, எழுத்தாளர்களுக்கென்று அரசியல் சட்டம் திறந்து வைத்த ஜன்னல் வழியாக ஒரு முதலமைச்சர் உள்ளே வந்தார். தமிழ் எழுத்தாளனுக்கு எழுத்தால் கிடைத்த அதிகபட்ச சன்மானம் இதுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பின்னால் கருணாநிதி என்ற எழுத்தாளர் ஐந்து முறை முதலமைச்சரானார், ஆனால் அவர் ஓட்டு வாங்கி வந்தார்.

1952 ஏப்ரல் 10-ம் தேதி பதவிப் பிரமாணம். கம்யூனிஸ்டுகள் கொதித்தார்கள். ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போய் நியமனம் செல்லாது என்று மனுப் போட்டார், மனு தள்ளுபடி. ‘கொல்லைப்புற வழியாக வந்தவர்’ என்ற பட்டம் அப்போது ஒட்டிக்கொண்டது, இன்றுவரை உதிரவில்லை. அண்ணா ஏற்கெனவே குல்லுகபட்டர் என்று பேர் வைத்திருந்தார். பெரியவர் எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. சபையில் எழுந்து கம்யூனிஸ்டுகளைப் பார்த்து, நீங்கள்தான் என் முதல் எதிரி என்ற மட்டுக்குப் பட்டென்று சொன்னார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரித்ததா முறைத்ததா என்று யாருக்கும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியின் அரசியல் பயனைக் கோபாலபுரத்துக்கு முன்பே தி.நகர் கண்டுபிடித்துவிட்டது.

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் இந்தக் கதையை ஒருநாள் எடுத்துவிட்டேன். வேட்டியை மடித்து வாங்க வந்த மாடிவீட்டு மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ராஜாஜி போய் ஓட்டுக் கேக்கறதாவது! ஓட்டுன்னா அவராத்து வாசல்ல வந்து நிக்கணும்டா.”

இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே சொன்னார்: “நின்னுச்சே சாமி, நூத்து அம்பத்தி ரெண்டு. மிச்சத்தை அவரு போய்தானே கூட்டியாந்தாரு?”

மாமா வேட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் சொன்னதுதான் சரி. கூட்டி வந்த விதம்தான் ராஜாஜியின் கைவேலை. காமன்வீல் மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி. ஆறு பேர் வந்தார்கள். காங்கிரஸை எதிர்த்துப் பேசி, திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆதரவையும் வாங்கி ஜெயித்த கட்சி அது. கழகம் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை; தான் தூக்கிவிட்ட ஆள் கோட்டைக்குள் எதிரி பக்கம் போய் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த தேர்தலில் தானே நிற்பது என்று கழகம் முடிவெடுத்ததில் ஆச்சரியம் என்ன? சுயேச்சைகள் ஒவ்வொருவராகத் தேசநலனை உணர்ந்தார்கள். தேசநலன் சரியாக நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்னால்தான் உணரப்படும் என்பது நம் நாட்டு வழக்கம். ஜூலை 3-ம் தேதி ஓட்டு எண்ணினார்கள்: ஆதரவு 200, எதிர்ப்பு 151. முதலில் 166 பேர் என்று வந்த கூட்டம் எங்கே கரைந்தது?

நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். ஜூன் மாதம் உணவுக் கண்ட்ரோலை ஒரே வீச்சில் தூக்கி எறிந்தார். அதிகாரிகள் பயந்தார்கள், அரிசி விலை வானத்துக்குப் போகும் என்றார்கள். போகவில்லை. பதுக்கல் மூட்டைகள் வெளியே வந்தன. எந்த ரேஷன் க்யூ காங்கிரஸைத் தோற்கடித்ததோ அந்த க்யூவையே கலைத்தார். ஓட்டுக் கேட்காத மனுஷன், ஓட்டுப் போட்டவன் கேட்டதைக் கொடுத்தார். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. திட்ட வசதியான ஆளாக இருக்க மாட்டேன் என்கிறார்.

ஆனால் அவரே அந்த வசதியையும் செய்து கொடுத்தார். 1953-ல் ஆரம்பப் பள்ளிக்குப் புதுத் திட்டம்: பிள்ளைகள் பாதி நேரம் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும். சிரைப்பவன் பிள்ளை சிரைக்கவும் வெளுப்பவன் பிள்ளை வெளுக்கவுமா என்று ஊர் கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பேர் விழுந்தது. பெரியார் கிளம்பினார், கழகம் கிளம்பியது, காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஓட்டுக் கேட்டு நாலு குடிசை ஏறியிருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது என்பது என் கட்சி. அதற்குள் ஆந்திரா வேறு பிரிந்துபோய், அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்த கணக்கும் மாறிவிட்டது. 1954-ல் உடம்பு சரியில்லை என்று விலகினார்.

கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜி பக்கத்து ஆளாக நின்றவர் சி. சுப்பிரமணியம். காமராஜர் 93, சுப்பிரமணியம் 41. ஜெயித்தவர் தோற்றவரையே மந்திரியாக்கிக் கொண்டார். மனக்கசப்பை வளர்க்க அவருக்கு நேரமில்லை. காமராஜரும் அப்போது சட்டசபை உறுப்பினர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. அவருக்கும் அதே மேலவை ஜன்னல் திறந்துதான் இருந்தது. கவர்னரும் அதே ஸ்ரீபிரகாசா. ஆனால் இவர் குடியாத்தம் இடைத்தேர்தலுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே நடந்ததுதான் கூத்து. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட்; ஆதரித்தவர்கள் பெரியாரும் கழகமும்! ராஜாஜி போன சந்தோஷத்தில் காங்கிரஸ்காரருக்கே ஓட்டுக் கேட்டார்கள். காமராஜர் ஜெயித்தார்.

ராஜாஜி அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1959-ல் சுதந்திராக் கட்சி என்று தனிக்கடை போட்டார். 1967-ல், 88 வயதில், தன்னைக் குல்லுகபட்டர் என்றவர்களோடு கூட்டணி வைத்து, தான் காப்பாற்றிக் கொடுத்த காங்கிரஸைக் கோட்டையிலிருந்து இறக்கினார். 1952-ல் கெஞ்சிக் கூப்பிட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பசுல்லா சாலைப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

அந்த 375 பேர் விஷயம் ஒன்று பாக்கி. கோட்டையில் அத்தனை பேருக்கு இடம் போதாமல் மவுண்ட் ரோடு அரசினர் தோட்டத்தில் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். கூட்டல் கழித்தல், கட்சி மாறல், 200-க்கு 151 எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான். ஆந்திராவும் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்த பிறகு அவ்வளவு பெரிய இடம் எதற்கு என்று சபை 1956 கடைசியில் அங்கிருந்து கிளம்பிவிட்டது. மண்டபத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து பாலர் அரங்கம் என்று பேர் வைத்தார்கள். பின்னால் அது கலைவாணர் அரங்கமாகி, நகைச்சுவை நடிகர் பெயரைத் தாங்கியது. 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து தள்ளித் தள்ளி உட்கார இடம் தேடியபோது, அதே இடத்தில் புதிதாக எழுப்பிய கலைவாணர் அரங்கத்துக்குச் சட்டசபை திரும்பி வந்தது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையை யாரும் மாற்றவில்லை.